கம்ப்ரஸரைக் குறை சொல்லும் முன்

பழைய குளிர்பான வென்டிங் மெஷின் குளிரவில்லை என்று ஆளைக் கூப்பிட்டால் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகளில் ஒன்று வரும். "கேஸ் போயிடுச்சு" அல்லது "கம்ப்ரஸர் போயிடுச்சு." இரண்டுமே பணம் பிடிக்கும் வேலை. அதனால் பல மெஷின்கள் இந்த ஒரு வார்த்தையோடு காயலான் கடைக்குப் போய்விடுகின்றன. கேஸ் ஓடும் குழாய்கள் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடப்பட்டவை. அடிபடாமல், யாரும் வெட்டித் திறக்காமல் இருந்தால் அவை பல ஆண்டுகள் தாங்கும். அதற்கு முன்பே கெடுபவை சுற்றியிருக்கும் சின்னச் சின்ன மின்பாகங்கள்: கருகிய பிளக், தளர்ந்த லக், தேய்ந்த ரிலே, கதவுக் கீலில் மடிந்து மடிந்து உள்ளுக்குள்ளேயே அறுந்துபோன ஒயர். மின்சாரம் எதுவரை வருகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று அளந்து பார்த்த பிறகுதான் எந்தப் பாகத்தையும் கழற்ற வேண்டும். மாற்றிப் பார்த்தே பழுது தேடுவது மெஷின் சொந்தக்காரரின் பணத்தை வீணாக்குவது.

இங்கே எடுத்துக்கொள்வது 1990களில் பரவலாக இருந்த வகை: கேன்களை உள்ளே அடுக்கி, முன்கதவைப் பூட்டி, காசு போட்டு பட்டனை அழுத்தினால் ஒரு கேன் உருண்டு விழும் மெஷின். வென்டோ, டிக்சி-நார்கோ, ராயல் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் இந்த வகையை ஏராளமாகச் செய்தன. பேக்கரியிலும் பெட்டிக்கடையிலும் நிற்கும் கண்ணாடிக் கதவு கூலர் வைத்திருப்பவர்களுக்கும் இதில் குளிர்ப்பதனப் பாதி அப்படியே பொருந்தும்.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு மெஷின்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு ஃபிரிட்ஜ். கதவிலும் மேலேயும் ஒரு விற்பனைக்காரன். ஃபிரிட்ஜ் பாதி நேரடி மெயின் மின்சாரத்தில் ஓடும். விற்பனைப் பாதியில் பெரும்பாலும் ஒரு சிறு ட்ரான்ஸ்ஃபார்மர் 24 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும். இன்னும் பழைய சில மெஷின்களில் காசுப்பெட்டியும் மோட்டாரும்கூட மெயின் மின்சாரத்திலேயே ஓடும். இரண்டுக்கும் பொதுவானவை மெயின் கார்டும் ஒரு இணைப்புப் பெட்டியும் மட்டும்தான். ஆகவே முதல் கேள்வி, எந்தப் பாதி இறந்திருக்கிறது என்பது. கதவு விளக்கு எரிகிறதா? பட்டனில் ஒளி இருக்கிறதா? கதவைத் திறந்து காதைக் கொடுத்தால் உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கிறதா? கீழே கம்ப்ரஸர் உறுமுகிறதா? நான்கும் இல்லை என்றால் பழுது சுவருக்கும் இணைப்புப் பெட்டிக்கும் இடையே எங்கோ இருக்கிறது. ஒன்று இருந்து ஒன்று இல்லை என்றால் மெயின் மின்சாரம் வந்துவிட்டது, தேட வேண்டிய பரப்பு பாதியாகக் குறைந்துவிட்டது.

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பாகங்களைத் தொடும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். நம் ஊர் வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் மாறிக் கிடப்பது சகஜம். அப்போது சுவிட்ச் துண்டிப்பது நியூட்ரலைத்தான், மெஷினுக்குள் பேஸ் அப்படியே நிற்கும். கெபாசிட்டர் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்து பொறி பறக்க விடாமல், 20 கிலோ ஓம் அளவிலான ரெசிஸ்டர் ஒன்றை முனைகளில் சில விநாடி வைத்து வடியவிட்டு, மீட்டரால் ஒருமுறை சரிபாருங்கள். தரை ஈரமாக இருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். மின்சாரம் இருக்கும்போது அளக்க வேண்டிய இடங்களும் வரும். அப்போது தனியாக இருக்காதீர்கள். மல்டிமீட்டரோடு பழக்கம் இல்லாதவர்கள் அந்த அளவுகளை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட்டு, எதை அளக்கச் சொல்ல வேண்டும் என்பதற்கு மட்டும் இந்தக் கட்டுரையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரும்புப் பெட்டி, குளிர்ந்து வியர்க்கும் உடல், ஈரக் கையோடு வந்து தொடும் பொதுமக்கள், வெறுங்காலில் நிற்கும் குழந்தைகள். இவை எல்லாம் கூடும் இடம் இது. பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டு ஓட்டுவது ஒருவரின் உயிரோடு விளையாடுவது. அமெரிக்காவின் மின்விதிகள் 2005 ஜனவரி 1-க்குப் பின் தயாராகும் வென்டிங் மெஷின்களின் கார்டிலேயே மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கின. அதற்கு முந்தைய மெஷின்களில் அது இருக்காது. எனவே பழைய மெஷின் நிற்கும் லைனில் அதே வேலையைச் செய்யும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பது அவசியம். "தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது" என்று யாராவது சொன்னால் அன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

சுவரிலிருந்து தொடங்குவோம்

பழுது தேடுவோர் கையில் முதலில் வருவது நியான் டெஸ்டர். பேஸ் வருகிறதா என்று அது சொல்லும். நியூட்ரல் இருக்கிறதா என்று சொல்லவே சொல்லாது. நியூட்ரல் எங்கோ அறுந்திருந்தால், மெஷினுக்குள் இருக்கும் சுமை வழியாகப் பேஸ் மறுபக்கத்துக்கும் வந்துவிடும். டெஸ்டர் இரண்டு முனையிலும் எரியும். "கரண்ட் வருது, மெஷின்தான் போச்சு" என்ற தவறான முடிவு இங்கேதான் பிறக்கிறது. மல்டிமீட்டரை வைத்து மூன்று அளவு எடுங்கள்: பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த். முதலாவது 230-ஐ ஒட்டியும், இரண்டாவது அதே அளவிலும், மூன்றாவது சில வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். பேஸ்–எர்த் சரியாக இருந்து பேஸ்–நியூட்ரல் மட்டும் விழுந்திருந்தால் நியூட்ரல் போயிருக்கிறது. பேஸ்–எர்த் எதுவுமே காட்டாவிட்டால் எர்த் இணைப்பே இல்லை, அதைச் சரிசெய்யும்வரை மெஷினை ஓட்டக் கூடாது.

மல்டிமீட்டரும் ஏமாற்றும். அது இழுக்கும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு என்பதால், பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒற்றை இழையில் தொங்கும் ஒயரிலும் முழு 230 காட்டும். சுமை ஏறியதும் அந்த இழை வழியாகத் தேவையான அளவு மின்னோட்டம் போகாது. அதனால்தான் பழைய எலக்ட்ரீஷியன்கள் குண்டு பல்பு மாட்டிய டெஸ்ட் லேம்ப்பைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள். 100 வாட் பல்பு பளிச்சென்று எரிந்தால் வழியில் ஓரளவாவது உயிர் இருக்கிறது. மங்கினால் இணைப்பு எங்கோ பலவீனம்.

இதைவிடத் தெளிவான சோதனை, கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் மெஷினின் இணைப்புப் பெட்டியில் வோல்டேஜைப் பார்ப்பது. கிளம்பும்போது கம்ப்ரஸர் ஓடும் அளவைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். சும்மா இருக்கும்போது 228 காட்டிய மீட்டர் அந்த நொடியில் 215-க்கு இறங்கி ஏறினால் கவலையில்லை. 180-க்கு விழுந்தால் பழுது கம்ப்ரஸரில் இல்லை, அதற்கு வரும் வழியில் இருக்கிறது. மோட்டாரின் கிளப்பும் விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-க்குச் செய்த மோட்டாருக்கு 180 கொடுத்தால் விசை சுமார் 61 சதவீதம்தான் மிஞ்சும். அது உறுமிக்கொண்டு நிற்கும், கிளம்பாது. அதே நொடியில் சுவர் சாக்கெட்டிலும் ஒருவர் அளந்தால் இடம் அகப்படும். அங்கே 222 நின்று மெஷினில் 180 வந்தால் பிளக், கார்டு, எக்ஸ்டென்ஷன் மூன்றில் ஒன்று. இரண்டு இடத்திலும் விழுந்தால் கட்டடத்தின் வயரிங் அல்லது லைனே லோ வோல்டேஜ். மெல்லிய எக்ஸ்டென்ஷன் கார்டில் மாட்டிய மெஷின்களுக்கு இந்த நோய் கட்டாயம் உண்டு. 16 ஆம்பியர் சாக்கெட், அதற்குத் தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, நடுவில் எக்ஸ்டென்ஷன் இல்லை. இவ்வளவு செய்ததும் பாதி மெஷின்கள் பிழைத்துக்கொள்கின்றன என்பதே என் கணிப்பு.

அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் என்றால் இன்னொரு சிக்கல். அதன் பெயர்ப்பலகையில் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றிருக்கும். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். அதே 115 வோல்ட்டில் அதன் இரும்புக்கரு தேவைக்கு மேல் காந்தமேறி அதிகம் சூடாகும். கணக்குப்படி அதற்கு 50 ஹெர்ட்ஸில் சுமார் 96 வோல்ட்தான் பொருத்தம். சில கம்ப்ரஸர்களின் மேல் "100 வோல்ட் 50 ஹெர்ட்ஸ், 115 வோல்ட் 60 ஹெர்ட்ஸ்" என்று இரண்டும் அச்சிட்டிருப்பது இதனால்தான். அப்படி அச்சிடாத கம்ப்ரஸர் அடிக்கடி சூடேறி நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். ட்ரான்ஸ்ஃபார்மரின் அளவையும் ஓடும் மின்னோட்டத்தை மட்டும் வைத்துக் கணக்கிடக் கூடாது. கிளம்பும் இழுப்பைத் தாங்கும்படி இரண்டு மூன்று மடங்கு பெரியதாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் ஸ்டெப்-டவுன்கள் பலவும் ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர் வகை. அவற்றின் உள்ளீட்டில் பேஸும் நியூட்ரலும் மாறினால், மெஷின் நியூட்ரல் என்று நினைக்கும் கம்பியில் 230 வோல்ட் நிற்கும். மெஷினுக்குள் இருக்கும் ஃபியூஸும் சுவிட்சும் அந்தக் கம்பியில் இல்லை. இது உயிருக்கு ஆபத்தான நிலை.

உறுமல், பின் ஒரு கிளிக்

மின்சாரம் சரியாக வருகிறது, உள்ளே ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரஸர் மட்டும் "ம்ம்ம்" என்று சில விநாடி உறுமி, "டக்" என்று அடங்குகிறது. சில நிமிடம் கழித்து மறுபடி அதே. இந்த டக் ஓவர்லோடின் சத்தம். அது ஈருலோகத் தகடு கொண்ட சிறு காவல்காரன். சூடோ மின்னோட்டமோ எல்லை மீறினால் துண்டித்து, ஆறியதும் சேர்க்கும். அதை நேரடியாக இணைத்துவிட்டால் மெஷின் ஓடும் என்று நினைப்பவர்கள் கம்ப்ரஸரைக் கொன்றுவிடுகிறார்கள்.

இங்கே கடிகாரம் நல்ல கருவி. சில விநாடியில் டக் என்றால் கிளம்பவே முடியவில்லை: லோ வோல்டேஜ், ரிலே, கெபாசிட்டர், அல்லது உள்ளே இறுகிய கம்ப்ரஸர். பத்து இருபது நிமிடம் ஒழுங்காக ஓடிவிட்டு நின்றால் கிளம்புவதில் குறையில்லை, சூடு வெளியேறவில்லை. அப்போது கீழ்ப்பலகையைக் கழற்றி, சூட்டை வெளியேற்றும் கன்டென்சரைப் பாருங்கள். சுவரோடு ஒட்டி வைத்த மெஷினில் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். கன்டென்சர் ஃபேனைப் பிளக் பிடுங்கிய நிலையில் விரலால் தட்டினால் இலகுவாகச் சுற்ற வேண்டும். எண்ணெய் வற்றி இறுகிய ஃபேன் மோட்டார், விலை உயர்ந்த கம்ப்ரஸர் மேல் பழியைப் போடுவது அடிக்கடி நடப்பது.

கிளம்பாத கம்ப்ரஸருக்கு முதல் சந்தேகம் ரிலே மேல். கம்ப்ரஸருக்குள் இரண்டு சுற்றுகள்: ஓடுவதற்கு ஒன்று, கிளப்பிவிட ஒன்று. கிளப்பும் சுற்றை முதல் நொடியில் சேர்த்து, வேகம் பிடித்ததும் விலக்குவது ரிலேயின் வேலை. பழைய ரிலேயில் கம்பிச் சுருளும் அது இழுக்கும் ஒரு முனையும் இருக்கும். மின்னோட்டம் குறைந்ததும் அந்த முனை தன் எடையால் கீழே விழுந்து துண்டிக்க வேண்டும். அதனால் இதைத் தலைகீழாகவோ சாய்த்தோ மாட்டினால் வேலை செய்யாது. மேல் பக்கம் எது என்று அதன் மேலேயே குறி இருக்கும். பின்னால் வந்தது பி.டி.சி. வகை. அதில் அசையும் பாகமில்லை, உள்ளே ஒரு பீங்கான் வில்லை சூடேறி மின்தடையை ஏற்றிக்கொள்ளும். கழற்றிக் காதருகே குலுக்குங்கள். உள்ளே கலகலத்தால் வில்லை உடைந்திருக்கிறது, ரிலே போயிற்று. குலுங்காவிட்டால் ஆறிய நிலையில் அளந்து பாருங்கள். சில ஓம்கள் முதல் சில பத்து ஓம்கள் வரை காட்ட வேண்டும்.

பி.டி.சி.க்கு இன்னொரு குணம். அந்த வில்லை ஆறச் சில நிமிடம் பிடிக்கும். கரண்ட் போய் உடனே வந்தால் வில்லை இன்னும் சூடாக இருக்கும், குழாயின் இரு பக்க அழுத்தமும் சமமாகியிருக்காது. கம்ப்ரஸர் உறுமும், ஓவர்லோடு துண்டிக்கும், அடுத்த முறை கிளம்பிவிடும். அடிக்கடி மின்வெட்டு வரும் இடத்தில் இது பழுதே அல்ல. மூன்று முதல் ஐந்து நிமிடம் தாமதித்துக் கரண்ட் விடும் டிலே டைமர் உள்ள ஸ்டெபிலைசர் வைத்தால் ரிலேயும் கம்ப்ரஸரும் நீண்ட நாள் உழைக்கும்.

ரிலேயைக் கழற்றியதும் கம்ப்ரஸரில் மூன்று முனைகள் தெரியும். அவற்றை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று எண்கள் கிடைக்கும். உதாரணத்துக்கு 9, 16, 25 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய எண் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும்; இருந்தால் சுற்றுகள் நலம். அந்தப் பெரிய எண் காட்டும் ஜோடியில் சேராத முனைதான் பொது முனை. அங்கிருந்து குறைந்த எண் காட்டுவது ஓடும் சுற்று, மற்றது கிளப்பும் சுற்று. ஏதாவது ஒரு ஜோடி திறந்து கிடந்தால் சுற்று அறுந்திருக்கிறது. சில கம்ப்ரஸர்களில் ஓவர்லோடு உள்ளேயே இருக்கும், அது சூட்டில் திறந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும். எனவே தீர்ப்புச் சொல்வதற்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிடுங்கள். அடுத்து, ஒவ்வொரு முனைக்கும் சுரண்டித் துடைத்த செம்புக்குழாய்க்கும் இடையே அளக்க வேண்டும். அங்கே எந்த அளவும் வரக் கூடாது. சாதாரண மீட்டர் நுண்ணிய கசிவைக் காட்டாது என்பதால், சந்தேகம் இருந்தால் 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் மெகர் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் நம்பக் கூடாது. மெகர் போடும் முன் எலக்ட்ரானிக் போர்டைத் தனியே பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் சோதனையே போர்டைக் கொன்றுவிடும்.

இந்த அளவுகள் எல்லாம் சரி, வோல்டேஜ் சரி, புது ரிலேயும் கெபாசிட்டரும் போட்டும் கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் உச்சத்திலேயே நின்று ஓவர்லோடு துண்டிக்கிறது என்றால்தான் கம்ப்ரஸர் உள்ளே இறுகிவிட்டது என்று சொல்லலாம். அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை இவ்வளவு அளந்தவருக்கே உண்டு.

கம்ப்ரஸரிடமிருந்து சத்தமே இல்லை, உறுமலும் இல்லை, டக்கும் இல்லை என்றால் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி அதன் இரு முனையையும் மீட்டரில் அளந்தால், உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும்போது அது சேர்ந்திருக்க வேண்டும். திறந்திருந்தால் அதன் மெல்லிய குழாயில் இருந்த வாயு கசிந்திருக்கும், மாற்ற வேண்டியதுதான். நேர்மாறான புகாரும் வரும்: கேன்கள் உறைந்து வீங்கி வெடிக்கின்றன. தெர்மோஸ்டாட்டின் முனை ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது யாரோ சுத்தம் செய்யும்போது அதன் உணர்குழாயை இடத்திலிருந்து இழுத்துவிட்டிருக்கலாம். உள் ஃபேன் நின்றாலும் குளிர் பரவாது, குளிர் தரும் எவாபரேட்டர் சுருள் பனிக்கட்டியால் மூடிக்கொள்ளும். இந்த மெஷின்களில் பலவற்றில் பனி கரைக்கத் தனி ஹீட்டர் கிடையாது. கம்ப்ரஸர் நிற்கும் நேரத்தில் ஓயாமல் சுற்றும் அந்த ஃபேன்தான் பனியைக் கரைக்கிறது. ஆகவே பனிப்பாறையைப் பார்த்ததும் கேஸைச் சந்தேகிக்கும் முன் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

கதவுக் கீல்

வென்டிங் மெஷினுக்கே உரிய பழுது ஒன்று உண்டு. ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள் இதைத் தவறவிடக் காரணம், வீட்டு ஃபிரிட்ஜில் இது கிடையாது. இந்த மெஷினில் விளக்கு, பட்டன்கள், காசுப்பெட்டி, பல சமயம் போர்டு எல்லாமே கனமான முன்கதவில் இருக்கின்றன. அத்தனைக்கும் போகும் ஒயர்க் கட்டு கீல் பக்கமாக வளைந்து போகிறது. ஒவ்வொரு முறை சரக்கு நிரப்பும்போதும் அது மடங்கி நிமிர்கிறது. வருடங்கள் போனதும் மேலுறை முழுதாக இருக்க உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். கதவு திறந்திருக்கும்போது எல்லாம் வேலை செய்யும், மூடியதும் செத்துவிடும், அல்லது நேர்மாறாக. ஆள் வந்து கதவைத் திறந்தால் பழுது மறைந்துவிடும். "வந்து வந்து போகுது" என்று சொல்லப்படும் மெஷின்களில் முதலில் இங்கேதான் கை வைக்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கி, கட்டின் இரு முனையிலும் கனெக்டரைக் கழற்றி, ஒவ்வொரு ஒயருக்கும் மீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்துக்கொண்டு, கீல் அருகே கட்டை மெதுவாக வளைத்துப் பாருங்கள். பீப் ஒலி திணறும் ஒயர்தான் குற்றவாளி. அதை மட்டும் முறுக்கி டேப் சுற்றாதீர்கள். ஒன்று அறுந்த இடத்தில் பக்கத்து ஒயர்களும் அறுபடக் காத்திருக்கும். வளைவுப் பகுதி முழுவதையும், பல இழை கொண்ட நெகிழ்வான ஒயராக, வளைவதற்குச் சற்றுத் தளர்ச்சி விட்டு மாற்றுவதே முறை. இணைப்புகள் வளையும் இடத்தில் வரக் கூடாது.

இதே போல் ஏமாற்றும் இன்னொரு எதிரி சர்க்கரை. உறைந்து வெடித்த கேனின் பாகு மைக்ரோ சுவிட்சுகளிலும் கனெக்டர்களிலும் இறங்கிக் காய்ந்து ஒட்டும். பின்னாலேயே எறும்பும் கரப்பானும் வரும். ரிலே முனைகளுக்கு நடுவே நசுங்கிய எறும்புகள் இணைப்பைத் தடுக்கும். போர்டின் கதகதப்பைத் தேடிவரும் பல்லி இரண்டு முனைகளை உடலால் இணைத்துப் போர்டைக் கருக்கிவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் இங்கே உதிரிபாகங்களைவிட அதிகம் சாதிக்கும். கனெக்டர் முனையில் பச்சை படிந்திருந்தாலோ பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ அந்த முனையை மாற்றிவிடுங்கள். துடைத்தால் சில வாரம் ஓடி மறுபடி நிற்கும்.

விற்பனைப் பாதி இறந்து ஃபிரிட்ஜ் ஓடினால் ட்ரான்ஸ்ஃபார்மரில் தொடங்குங்கள். உள்ளே மெயின் வோல்டேஜ் போகிறது, வெளியே 24 வரவில்லை என்றால் அது போயிற்று. வருகிறது, போர்டில் உயிரில்லை என்றால் நடுவில் ஃபியூஸ். ஃபியூஸ் எரிந்திருந்தால் அது காரணமில்லை, விளைவு. அதே அளவு ஃபியூஸ் போட்டு, கேன்களைத் தள்ளும் வென்ட் மோட்டார்களின் கனெக்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கரண்ட் கொடுத்து, பின் பிளக்கைப் பிடுங்கி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எந்த மோட்டாரைச் சேர்த்ததும் ஃபியூஸ் போகிறதோ அதுதான். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளித்தவர்களின் மெஷின்களில் அடுத்து எரிவது போர்டின் செம்புத் தடம்.

காசை எடுத்துக்கொண்டு கேன் தராத மெஷினில், மோட்டார் சுற்றுகிறதா என்று கேளுங்கள். சுற்றாமல் அந்த வரிசை மட்டும் காலி என்று காட்டினால் சரக்கு உணரும் சுவிட்ச் ஒட்டியிருக்கும். மோட்டார் நிற்காமல் சுற்றி ஒரு காசுக்கு நான்கைந்து கேன் தள்ளினால், அது ஒரு சுற்று முடித்ததைச் சொல்லும் சிறு சுவிட்ச் போய்விட்டது. பழைய டியூப் லைட்டின் சோக்கும் சில சமயம் போர்டைக் குழப்பும். காரணமின்றிக் காசைத் திருப்பித் தரும் மெஷினில் விளக்கைத் தற்காலிகமாகக் கழற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

ட்ரிப் ஆகும் மெஷின்

எது ட்ரிப் ஆகிறது என்று முதலில் பாருங்கள். எம்.சி.பி. விழுந்தால் அதிக மின்னோட்டம் அல்லது ஷார்ட். ஆர்.சி.சி.பி. விழுந்தால் எங்கோ உடலுக்குக் கசிவு. இரண்டுக்கும் மருந்து வேறு. கம்ப்ரஸர் கிளம்பும்போது மட்டும் எம்.சி.பி. விழுகிறது, மற்றபடி எல்லாம் நலம் என்றால் அதன் வகையைப் பாருங்கள். பி வகை எம்.சி.பி. தன் அளவைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கிலேயே உடனடியாக விழுந்துவிடும். மோட்டார் உள்ள இடத்துக்கு ஐந்து முதல் பத்து மடங்கு தாங்கும் சி வகை வேண்டும்.

பிளக்கைச் சொருகியதுமே விழுந்தால் சீரிஸ் போர்டு கைகொடுக்கும். மெஷினுக்கு முன் தொடராக 100 வாட் குண்டு பல்பு இருக்கும்போது எவ்வளவு மோசமான ஷார்ட் ஆனாலும் அரை ஆம்பியருக்கும் குறைவாகவே ஓடும். பல்பு முழுப் பிரகாசமாக எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி ஒரு பாகத்தின் கனெக்டரைக் கழற்றி, மறுபடி சொருகிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் பல்பு மங்குகிறதோ அங்கே இருக்கிறது பழுது. இந்த முறையில் கம்ப்ரஸரை ஓட்டிப் பார்க்க முயலக் கூடாது. அது கிளம்பாது, சூடுதான் ஏறும். ஆர்.சி.சி.பி. விழுந்தாலும் இதே ஒவ்வொன்றாகக் கழற்றும் வழிதான். மழைக்காலத்தில் மட்டும், அல்லது இரவில் மட்டும் விழுகிறது என்றால் ஈரம் ஏறும் விளக்கு ஹோல்டர்கள், வடிகால் தட்டுக்கு மேலே தொங்கும் இணைப்புகள், ஹீட்டர் இருந்தால் அது, இவற்றை முதலில் பாருங்கள்.

கேஸ் விஷயம் கடைசியாக வருவதற்குக் காரணம் உண்டு. கம்ப்ரஸர் தொடர்ந்து ஓடுகிறது, இரண்டு ஃபேனும் சுற்றுகின்றன, கன்டென்சர் சுத்தம், ஆனாலும் எவாபரேட்டரின் தொடக்கத்தில் மட்டும் சிறிது பனி, கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் பெயர்ப்பலகையில் உள்ளதைவிடக் கணிசமாகக் குறைவு என்றால் அப்போது கேஸைச் சந்தேகிக்கலாம். அதற்குமேல் பயிற்சி பெற்ற குளிர்ப்பதன ஆளின் வேலை. கசிவைத் தேடி அடைக்காமல் மேலே கேஸ் ஏற்றுபவரை அனுப்பிவிடுங்கள். பெயர்ப்பலகையில் ஆர்-12 என்றிருந்தால் அது 1987 மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் கைவிடப்பட்ட வாயு. அதற்கான கம்ப்ரஸரில் இருக்கும் கனிம எண்ணெய் பின்னால் வந்த ஆர்-134ஏ-யோடு சேராது. எண்ணெயை மாற்றாமல் கேஸை மட்டும் மாற்றுவது வேலைக்கு ஆகாது. அந்த நிலையில் மெஷினை வைத்துக்கொள்வதா விடுவதா என்பது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம்.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியதும் ஒருநாள் முழுக்க ஓடவிட்டு, உட்புறத்தில் வெப்பநிலை 2 முதல் 4 டிகிரிக்குள் நின்று கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு மூன்று அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: சும்மா இருக்கும்போது வோல்டேஜ், கிளம்பும்போது வோல்டேஜ், ஓடும்போது கம்ப்ரஸரின் ஆம்பியர். கதவின் உட்புறத்தில் வயரிங் படம் ஒட்டியிருக்கும். அதன் பக்கத்தில், அழியாத மையில், தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த கோடையில் மெஷின் மறுபடி நின்றால், வந்து நிற்கும் ஆள் ஒப்பிட்டுப் பார்க்க அங்கே மூன்று எண்கள் இருக்கும்.